திருப்பி அனுப்பப்படாத மஞ்சள் பிரதி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

என் வாழ்நாளில் நான் எழுதி அனுப்பிய காகிதங்களில், முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கவே கூடாத காகிதம். இன்றைக்கும் அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும், யாருடைய அனுமதியும் இன்றி, கட்டணமும் இன்றிப் படிக்கலாம். என் மனைவி படித்துவிட்டாள். இந்த ஒப்புதலை முதலில் செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொல்கத்தாவில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். இங்கே முஹுரி என்பார்கள். எந்த நீதிமன்றம் என்று எழுத மாட்டேன். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் சிலர் நல்லவர்கள். என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனிக்குத் தட்டச்சராக வந்தவர். என் படிப்பு பள்ளி இறுதியோடு நின்றது. சட்டத்தை நான் கல்லூரியில் கற்கவில்லை. வக்கீல் ஐயா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, செய்ததைப் படித்து, புரியாததை வெட்கமின்றிக் கேட்டுக் கற்றேன்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்த்தரப்பின் மறுமொழியைப் படித்து யாருக்காவது இரத்தம் கொதித்தால், முதல் வரைவை மஞ்சள் காகிதத்தில் எழுத வேண்டும். வாதம் முழுவதும் அதில் இருக்கும். இடையிடையே அடைப்புக்குறிக்குள் மனத்தில் உள்ள வசவும் இருக்கும். பிறகு அடைப்புக்குறிகளை விட்டுவிட்டு வெள்ளைக் காகிதத்தில் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். மஞ்சளைக் கிழித்துவிட வேண்டும். கோபத்தை ஓரிடத்தில் கொட்டாவிட்டால் அது வாதத்துக்குள் கசிந்துவிடும் என்பது வக்கீல் ஐயாவின் கொள்கை. அவர் வங்காளி, மற்றவர்களும் வங்காளிகள். என் வசவுகளை நான் தமிழில் எழுதுவேன். ஆகையால் என் மஞ்சள் பிரதிகள் மற்றவர்களுடையதைவிட எப்போதும் செழிப்பாக இருந்தன. (அடைப்புக்குறிப் பழக்கம் இன்றும் என்னை விடவில்லை என்பதைத் தாங்களே காண்கிறீர்கள்.)

இனி என் ஆராய்ச்சிக்கு வருகிறேன். ஆம், ஆராய்ச்சி. அந்தச் சொல்லை நான் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு.

ஒரு தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டுமானால் நகல் மனு போட வேண்டும். அமலா என்று ஒரு பெண்மணி, வீட்டு வேலை செய்து பிழைத்தவர், தாம் குடியிருந்த அறையைக் காப்பாற்றிக்கொள்ள மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. நகல் மனு போட்டார். வழக்கு எண்ணில் ஆண்டு விடுபட்டிருக்கிறது என்று திரும்பி வந்தது. திருத்திப் போட்டார். கட்சிக்காரர் பெயரில் தகப்பன் பெயர் இல்லை என்று திரும்பியது. திருத்தினார். நீதிமன்றக் கட்டண வில்லை சரியான மூலையில் ஒட்டப்படவில்லை என்று திரும்பியது. முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்த குறைகள் அத்தனையும்! ஒரு தடவைக்கு ஒன்றாகச் சொன்னார்கள். ஐந்தாம் தடவை அவர் வந்தபோது அறைக்கு வேறு பூட்டு போட்டாகிவிட்டது. அன்று மாலை நான் முதல் நீள நோட்டை வாங்கினேன்.

பதினோரு ஆண்டுகளில் நான்கு நோட்டுகள். என் கை வழியாகப் போன ஒவ்வொரு நகல் மனுவும் என்று போனது, என்று திரும்பியது, என்ன காரணம் சொன்னார்கள் என்பது அதில் இருந்தது. ஓய்வு பெற்றபின் லேக் கார்டன்ஸ் வீட்டில் உட்கார்ந்து அவற்றை எண்ணி, அட்டவணை போட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கட்டுரையாக்கினேன். நகல் எழுதும் அறையில் தாமதமே இல்லை, ஒரு தடவைக்கு ஒரே குறை சொல்லும் பழக்கத்தில்தான் தாமதம் என்பது என் முடிவு. இந்த நகரின் ஒரு சட்டக் கல்லூரி நடத்தும் ஆய்விதழுக்கு அதை அனுப்பினேன். அதன் ஆசிரியர் பேராசிரியர் ஹால்தார்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது: கட்டுரையாளர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பிடவில்லை. குறிப்பிட்டேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பியது: அடிக்குறிப்புகள் இதழின் முறைப்படி இல்லை. மாற்றினேன். திரும்பியது: சுருக்கம் நீளம். வெட்டினேன். திரும்பியது: அட்டவணைத் தலைப்பு மேலே இருக்க வேண்டும், கீழே இருக்கிறது.

ஐயா, அம்மையீர், ஒரு தடவைக்கு ஒரே குறை சொல்வதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, ஒரு தடவைக்கு ஒரே குறை சொல்லி, இப்படியே மொத்தம் ஐந்து தடவை திருப்பி அனுப்பினார்கள்! ஆறாவது தடவை, இது இதழின் எல்லைக்குள் வராது என்று எழுதி முடித்துவிட்டார்கள். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய குறை அது. அன்று நான் மஞ்சள் பிரதி எழுத உட்கார்ந்தேன். கணினியில் மஞ்சள் காகிதம் கிடையாதே என்று பக்கத்தின் நிறத்தையே மஞ்சளாக மாற்றிக்கொண்டேன். நோட்டுகளை எடுத்து எண்ணிக்கையை மறுபடி சரிபார்த்துக்கொண்டே, ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அடைப்புக்குறி போட்டேன். நாற்பது வயதில்கூட நான் அவ்வளவு நன்றாகத் திட்டியதில்லை.

என் மகள் மைதிலி ஜாதவ்பூர் பக்கம் ஒரு நூலகத்தில் நூலகர். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கும் வாக்கியத்தை வங்காளத்தில் முடிப்பாள். அவள்தான் வழி சொன்னாள்.

"இதழ் எதுக்குப்பா? ப்ரீபிரிண்ட் போடுங்க."

"அப்படின்னா?"

"இதழ்காரங்க ஏத்துக்கறதுக்கு முன்னாடியே கட்டுரையை எல்லாரும் படிக்கிற மாதிரி இணையத்துல வெச்சிடறது. அதுக்குன்னே ஒரு தளம் இருக்கு. தேதி விழும், நிரந்தர எண் விழும். யார் முதல்ல சொன்னதுன்னு பின்னாடி தகராறே வராது. சந்தா கட்டின நூலகத்துக்குள்ள போய்த்தான் படிக்கணும்னு கிடையாது. உங்க அமலா மாஷி மாதிரி ஆளுங்களும் படிக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது. நகல் மனுவோடு அலைகிறவர்களைப் பற்றி எழுதி, அவர்கள் நுழைய முடியாத கட்டடத்துக்குள் பூட்டி வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அடைப்புக்குறிகளை நீக்கி வெள்ளைப் பிரதி எடுத்து அவளிடம் கொடுத்தேன். அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளே தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, எக்டு, கொஞ்சம் உக்காந்துக்கோங்க. நாளைக்கு ஒரு கருத்தரங்கு. ஹால்தார் பேசறார். தலைப்பு என்ன தெரியுமா? சான்றிட்ட நகலும் தொடர் திருப்பலும்."

நான் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. இதழின் எல்லைக்குள் வராத பொருள் அவருடைய வாயின் எல்லைக்குள் வந்துவிட்டது!

இங்கேதான் முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம் என்னைக் கவிழ்த்தது. கெடு முடிகிற நாளில் மனு தயாராக இல்லையென்றால் ஒரு முஹுரி என்ன செய்வான்? கையில் இருப்பதைத் தாக்கல் செய்வான். குறையோடு கிடக்கட்டும், இன்றைய முத்திரை விழுந்தால் போதும். கவுண்டரில் எப்படியும் திருப்பித்தான் தருவார்கள். திருத்தி மறுபடி போடும்போது சுத்தப் பிரதியைச் சொருகிவிடலாம், தேதி மட்டும் பழையதாக நிற்கும். இதில் நான் மன்னன் என்று பெயர் வாங்கியவன். வெள்ளைப் பிரதி மகளின் கணினியில், அவள் வேலையில். என்னிடம் இருந்தது மஞ்சள். அதை நான் தவறுதலாக அனுப்பவில்லை, ஐயா. தெரிந்தே அனுப்பினேன். என் வாழ்நாளில் எந்தக் கவுண்டரும் எதையும் முதல் தடவை வாங்கியதில்லை. இந்தக் கவுண்டர் மட்டும் வாங்கிவிடுமா என்ன?

தளத்தில் பெயர் கேட்டார்கள், தலைப்புக் கேட்டார்கள். விதிகளைப் படித்து ஒப்புக்கொண்டதாக ஒரு கட்டத்தில் குறியிடச் சொன்னார்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஆயிரக்கணக்கான கட்சிக்காரர்களுக்கு உபதேசித்த இந்த மேதை, படிக்காமல் குறியிட்டான்.

மறுநாள் காலை கடிதம் வந்தது. குறைச் சீட்டு என்று நினைத்து நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திறந்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றிருந்தது. பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டுவிட்டது. பங்களிப்புக்கு நன்றி. எங்கோ இருந்து அதைப் பார்வையிட்ட யாரோ ஒருவர், புரியாத எழுத்தில் இருந்த அடைப்புக்குறிகளை மூல ஆவணங்களின் மேற்கோள் என்று நினைத்து மதித்து விட்டிருக்க வேண்டும்.

மைதிலி ஓடி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "ஓரே பாபா!" என்று வங்காளத்தில் அலறினாள். பிறகு தளத்தின் விதிகளைத் திறந்தாள்.

"எடுத்துடு," என்றேன்.

"எடுக்க முடியாதுப்பா. விதியில இருக்கே, படிச்சீங்களா? சுத்தப் பிரதியை இரண்டாம் வடிவமாப் போடலாம். முதல் வடிவம் அப்படியே நிக்கும். வாபஸ்னு முத்திரை குத்தச் சொல்லலாம், ஆனா ஹால்தார் அதையே பிடிச்சுக்குவார். நேத்து தேதி விழுந்தது முதல் வடிவத்துக்குத்தான்."

அன்று மாலை வெள்ளைப் பிரதி இரண்டாம் வடிவமாகப் போயிற்று. தமிழ் தெரிந்தவன் எவன் சட்ட ஆய்வுத் தளத்துக்கு வரப்போகிறான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஹால்தாரின் உரை அடுத்த இதழில் கட்டுரையாக வந்தது. என் அட்டவணை அதில் இருந்தது. தலைப்பு மேலே இருந்தது. என் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மைதிலி கல்லூரிக்குப் புகார் எழுதினாள். நெறிமுறைக் குழு எங்களை அழைத்தது. நான்கு நோட்டுகளையும் காய்கறிப் பையில் போட்டுக் கோமதி தூக்கி வந்தாள். கோமதி என் மனைவி. எனக்குத் தோள்வலி, வேறு யாரிடமும் அந்த நோட்டுகளைக் கொடுக்க மனமில்லை.

நீள மேசை. நடுவே குழுவின் தலைவி, ஓய்வு பெற்ற பேராசிரியை. பக்கத்தில் வெளி உறுப்பினராகப் பத்மநாபன், துறைமுகத்தில் சட்டப் பிரிவு அதிகாரியாக இருந்தவர், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர். அவரைக் கண்டதும் என் நாற்காலியை மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டேன். காரணத்தைத் தாங்கள் விரைவில் அறிவீர்கள்.

பேச்சு வங்காளத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன். ஹால்தார் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "கேளுங்கள் மொஷாய், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இது பொதுவான கருத்து. யாருக்கும் தோன்றும்."

தலைவி இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்தார். "இரண்டிலும் 'பென்சில் குறி' என்று ஒரு காரணம் இருக்கிறதே. அது என்ன, ஹால்தார்பாபு?"

"அது… அதிகாரத்தின் எழுதப்படாத விருப்புரிமை. ஒரு குறியீடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்தக் கவுண்டரில் பேனாவைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். கயிறு கடைசி மேசை வரை எட்டாது. அங்கே இருப்பவர் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பிவிடுவார். காரணம் எழுத மாட்டார். அதுதான் பென்சில் குறி. அங்கே போய் நின்றவனுக்குத்தான் அது தெரியும்."

தலைவி ஏதோ எழுதிக்கொண்டார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஹால்தார் நிறுத்தவிடவில்லை. முதல் வடிவத்தின் அச்சுப் பிரதியை எடுத்து வைத்தார். "இவர் தேதிக்கு ஆதாரம் என்கிற ஆவணத்தைப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஏதோ எழுத்தில் ஏதேதோ. இது ஆய்வா? மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்."

பத்மநாபன் கண்ணாடியை மாட்டினார். முதல் அடைப்புக்குறியைத் தமிழில் உரக்கப் படித்தார்: "இந்த ஆசிரியருக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது, அதிலும் மை இல்லை." பிறகு அதைத் துறைமுக ஆவணம் போல ஒரு சொல் விடாமல் வங்காளத்தில் மொழிபெயர்த்தார். ஹால்தாரின் சிரிப்பு நின்றது. கேட்டவர் அவர்தானே, கேட்கட்டும்.

இரண்டாவதைப் படிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார் தலைவி.

"இது என்னைப் பற்றியது, அம்மா." தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். "சங்கத்துப் பத்மநாபனிடம் இந்தக் கட்டுரையைக் கொடுத்தேன், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குள் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல் வந்து போய்விட்டது. அவர் முதல் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறார்." அதையும் மொழிபெயர்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில், "படிச்சேன் சார். மூணாம் பக்கம் வரைக்கும் படிச்சேன்," என்றார். பாவம், உண்மையாகவே வருந்தினார்.

மூன்றாவது, அட்டவணைக்கு அடியில் இருந்தது. அது என்ன என்று எனக்கு ஞாபகம் வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

"மூன்றாம் தடவை எண்ணுகிறேன். இரண்டு தடவையும் கூட்டல் ஒத்துவரவில்லை. உள்ளேயிருந்து கோமதி சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளுக்குச் சட்டமும் தெரியாது, மோர்க்குழம்பும் வராது."

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒருத்தி பின்வரிசையில் இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பையின் காதுகள் இறுக்கப்படும் ஓசை மட்டும் கேட்டது.

ஹால்தார் விடவில்லை. "நோட்டுகள் என்கிறாரே, அவற்றை நேற்று எழுதினாரா, முந்தாநாள் எழுதினாரா, யார் கண்டது?"

"நோட்டுகளைக் கொடுங்கள்," என்றார் தலைவி.

நான் கையை நீட்டினேன். கோமதி என்னைக் கடந்து போனாள். பையை நேரே தலைவியின் முன் வைத்தாள். நாற்பது ஆண்டாக மீன்காரரிடமும் பால்காரரிடமும் பேசிப் பழகிய வங்காளத்தில் சொன்னாள்: "பதினோரு வருஷம் இந்த மனுஷன் சோறு ஆறிப்போகும் வரை இதைத்தான் எழுதினார், தீதி. பின்னட்டையில் பாருங்கள். என் மளிகைச் சீட்டெல்லாம் இருக்கிறது. வேறு காகிதம் இவர் வீட்டில் விட்டு வைத்ததில்லை." என்னைக் கடந்து திரும்பும்போது தமிழில், மெதுவாக: "சட்டம் தெரியாதவ வேற என்னத்தச் சொல்லுததுக்கு? மிச்சத்த வீட்டுல பேசுவோம்."

தலைவி நோட்டுகளைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். பிறகு ஹால்தாரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார்: "பிறர் எண்ணியதை எடுத்து எழுதுகிறவர், கூட்டல் ஒத்துவரவில்லை என்று இவ்வளவு கோபப்பட மாட்டார்."

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. ஹால்தார் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கவனக்குறைவால் நேர்ந்த விடுபடல் என்று அச்சிட்டார்கள். ஒரு வேலைக்காரப் பெண்மணியின் அறையையும் அப்படித்தான் யாரோ கவனக்குறைவால் பூட்டினார்கள் போலும்! ஹால்தார் இன்றும் அந்த இதழின் ஆசிரியர். இன்றும் கட்டுரைகளை ஒரு தடவைக்கு ஒரு குறை சொல்லித் திருப்புகிறார் என்று கேள்வி. என் கோபம் தணியவில்லை. தணிக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.

ஆனால் அவருடைய கட்டுரையின் கீழ் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தது. இந்த அட்டவணையும் முடிவும் இன்னாருடையவை என்று என் பெயர் அதில் இருக்கிறது. தேதியை நிறுவியது முதல் வடிவம் ஆகையால், அடிக்குறிப்பு காட்டுவதும் முதல் வடிவத்தையே. இரண்டாம் வடிவத்தைக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டாம் வடிவத்தின் தேதி சனிக்கிழமை மாலை என்றார்கள். ஹால்தார் பேசியது அன்று காலை. ஆக, தன் ஆசிரியருக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்பு இருப்பதாகச் சொல்லும் ஆவணத்தை, அந்த இதழே தன் வாசகர்களுக்கு நிரந்தரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அதோடு முடியவில்லை. குழுவின் கோப்பிலிருந்த மொழிபெயர்ப்பையும் மைதிலி தளத்தில் இணைத்துவிட்டாள். ஏன் என்று கத்தினேன். "திறந்து வெக்கறதுன்னா முழுசாத் திறந்து வெக்கணும்ப்பா. கசப்பான பக்கத்தை மட்டும் மடிச்சு வெக்கறது ஹால்தார் வேலை," என்றாள்.

போன ஆண்டு வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு முஹுரி மின்னஞ்சல் எழுதினார். தம் கைப்பேசியிலேயே படித்தாராம். எங்கும் நுழைய வேண்டியிருக்கவில்லை என்று தனியாகக் குறித்திருந்தார். கட்டுரையை அச்செடுத்துக் கவுண்டரில் காட்டியிருக்கிறார். முதலில் சிரித்தார்களாம். பிறகு, அன்றைக்கு மட்டும், ஒரு கிழவரின் நகல் மனுவிலிருந்த குறைகள் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்களாம். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி வரியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்: மோர்க்குழம்பு என்பது சட்டத்தின் எந்தப் பிரிவு?

அதைக் கோமதிக்குப் படித்துக் காட்டியது என் அடுத்த பிழை. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு. உப்புக் குறைந்தாலும் புளிப்புக் கூடினாலும் எனக்குப் பேச உரிமை கிடையாது. தட்டில் ஊற்றும்போதே சொல்லிவிடுவாள்: "முதல் வடிவம். ஏத்துக்கிட்டாச்சு. திருப்பி அனுப்ப முடியாது." பேரப்பிள்ளைகள் வங்காளத்தில் சிரிக்கிறார்கள். போன மாதம் பத்மநாபனை விருந்துக்கு அழைத்து அவருக்கும் ஊற்றினாள். அவர் மூன்றாம் கரண்டி வரைக்கும் வந்தார்.

ஐயா, அம்மையீர், அந்த மஞ்சள் பிரதியை இனி யாராலும் கிழிக்க முடியாது. அதைப் படிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும். குழம்பைப் பற்றி நான் எழுதியது பொய். நோட்டுகளைப் பற்றி எழுதியது உண்மை. தயவுசெய்து இந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.